இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளி

இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியைத்தான் வைத்தேன். கை தவறி வைக்கவில்லை... தெரிந்தே வைத்தேன்.

பதினோரு வருடம் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூட! அவள் கும்பிடுகிற அதே ஆத்தாளை, அவள் பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, எந்த ஊரோ. என் கடைக்குச் சாமான் வாங்க வரப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன். கோழைத்தனம் என்பீர்கள். ஆமாம், அதுவும்தான்.

பூக்கேட்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில் உள்ள ஊர் எங்களுடையது. இந்தப் பக்கத்தில், மனிதரால் முடிவெடுக்க முடியாத காரியம் என்று வந்தால் தெய்வத்திடம் பூக்கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டும் ஒரே அளவு, ஒரே மடிப்பு. ஆத்தாளின் காலடியில் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை அழைத்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தெய்வத்தைச் சந்தேகப்பட்ட பாவம் வந்து சேரும். பூக்கட்டியவரே அதைக் கொண்டுபோய் ஊருணியில் போட்டுவிட வேண்டும்.

மனிதரால் முடிவெடுக்க முடியாத காரியம் என்று எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். மனிதர் முடிவெடுக்க விரும்பாத காரியம்!

எங்கள் ஊரில் பூக்கட்டுகிறவன் நான். என்னுடையது பலசரக்குக் கடை. சீரகத்தையும் கடுகையும் முப்பது வருடமாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த கை இது. நான் இரண்டு பொட்டலம் மடித்தால் எது எதுவென்று என் வீட்டுக்காரியால்கூடச் சொல்ல முடியாது. அந்தக் கைப்பழக்கம் ஒரு தகுதி. இன்னொரு தகுதி, பக்தி!

சிரிக்காதீர்கள். ஊரில் என்னை அப்படித்தான் சொல்வார்கள். விடிந்ததும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கடைப் படியில் சூடம் கொளுத்திவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவேன். செவ்வாயும் வெள்ளியும் என் கடையில் முட்டை கிடையாது. யார் வந்து கெஞ்சினாலும் கிடையாது. பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று ஒருத்தி வந்து கேட்டபோதும், நாளைக்கு வா தாயி என்று அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வேறு!

மற்றவர்களின் பக்தியைப் பார்த்து எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு ஒருவருக்கொருவர் ‘சாமி’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தச் சாமிகளில் ஒருவர், லோடு இறக்க வந்தவனை அவன் தாயோடு சேர்த்துத் திட்டிவிட்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். விரதத்தில் கெட்ட வார்த்தை பேசிவிட்டாராம்! திட்டு வாங்கியவனிடம் ஒரு வார்த்தை இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டது சாமியிடம். கோவில் கமிட்டித் தலைவர் சுந்தரபாண்டி ஆடி மாதம் ஊருக்கே கூழ் ஊற்றுவார். ஊருக்கே என்றால், கிழக்குத் தெருவுக்குக் கடைசியில். அடியில் மிஞ்சியது. இவர்கள் யாரைக் கும்பிடுகிறார்கள், அங்கே உட்கார்ந்திருப்பவளுக்குக் கண் இல்லை என்றா நினைக்கிறார்கள் என்று என் மனைவியிடம் பொருமுவேன்.

எல்லாரையும் அளந்தேன். என்னை மட்டும் அளக்கவில்லை...

கிழக்குத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு எங்கள் பக்கத்துக் காடுகரையில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. இன்று அப்படி இல்லை. மில்லுக்குப் போகிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், ஒரு பெண் நரிக்குடியில் நர்சாக இருக்கிறாள். மாறாதது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர். அந்தத் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அரசாங்கக் குழாயில் வந்தால் உண்டு, வராத நாளே அதிகம். எங்கள் தெருக்களுக்கோ கோவில் வளாகத்தில் போட்ட போர்க்கிணற்றிலிருந்து குழாய் வருகிறது. இளநீர் மாதிரித் தண்ணீர். அதே குழாயை இன்னும் இருநூறு எட்டு நடக்கிற தூரம் நீட்டினால் கிழக்குத் தெரு. இருநூறே எட்டு!

அதைக் கேட்டுத்தான் பஞ்சவர்ணம் வந்தாள்.

அப்போது அவளுக்கு நாற்பது வயதிருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவள். கணவன் இல்லை, ஒரே மகன். கோவில் மண்டபத்தில் கமிட்டி கூடியிருந்தபோது, வாசலுக்கு வெளியே நின்று கேட்டாள். அதட்டிக் கேட்கவில்லை, அழுதும் கேட்கவில்லை.

“ஆத்தா எங்களுக்கும் ஆத்தாதானய்யா. பைப்புக்கு ஆகுற செலவ எங்க தெருவுலயே பிரிச்சுக்கிருவோம். தண்ணி மட்டும் விடச் சொல்லுங்க.”

முடியாது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. காலம் மாறிவிட்டது. முடியாது என்று சொன்னால் தாசில்தார் வருவார், செல்போனில் படம் பிடிப்பார்கள். சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. இன்றைக்குத் தண்ணீர், நாளைக்குத் தேர் வடம், அதற்கடுத்து என்ன என்ற பயம். வாசலுக்கு வெளியே நிற்பவள் உள்ளே வந்துவிடுவாளோ என்ற பயம். வேறென்ன!

சுந்தரபாண்டிதான் வழி கண்டுபிடித்தார். “தண்ணி ஆத்தாளோட தண்ணி. குடுக்கவும் மறுக்கவும் நாம யாரு? ஆத்தாகிட்டயே பூக்கேட்ருவோம்.”

அத்தனை தலைகளும் ஆடின. பஞ்சவர்ணத்தின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மலர்ந்துவிட்டாள்! எங்களிடம் கேட்பதற்குத்தான் அவளுக்குத் தயக்கம் இருந்தது. ஆத்தாளிடம் கேட்பதில் அவளுக்கு என்ன பயம்?

கலைந்து போகும்போது சுந்தரபாண்டி என் தோளில் கை போட்டார். நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

“ஏலே, பூ நீதான் கட்டுற. பாத்துக் கட்டு.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டேன். நிற்கவில்லை. பார்த்துக் கட்டு என்றால், கவனமாகக் கட்டு என்றும் எடுத்துக்கொண்டிருக்கலாமே! நான் ஏன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை?

எனக்கு அந்தப் பெண்ணின் மேல் ஒரு கோபமும் கிடையாது. நல்ல வாடிக்கை. ஆனால் என் கடை எங்கள் தெருவில் இருக்கிறது. வெள்ளை வந்து, அதனால் ஊரில் முணுமுணுப்பு எழுந்தால், பூக்கட்டியவன் என்று என் பெயரும் அடிபடும். இத்தனை சின்னக் காரணம்தான். பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பேன். தேடினேன், இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, ஈர வேட்டியோடு கோவிலுக்குள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பூவில் மூச்சுக் காற்றும் எச்சிலும் படக்கூடாது என்று வாயைத் துணியால் கட்டிக்கொள்வது வழக்கம். கட்டிக்கொண்டேன். தட்டில் வெள்ளை அரளி, சிவப்பு அரளி. எதிரே மூன்று முழத்தில் ஆத்தா. நடுவில் யாரும் இல்லை. அவளும் நானும்தான்!

இரண்டு சிவப்புப் பூவை எடுத்தேன். மடித்தேன். வெள்ளைப் பூவை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கை நடுங்கியதா என்று கேட்பீர்கள். இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. கடையில் கடுகு மடிப்பதுபோல மடித்தேன். எச்சில் படவில்லை... அந்த மட்டில் ஆசாரம் சுத்தம்!

பூசாரி மகள், ஐந்து வயதுக் குழந்தை, ஒன்றை எடுத்தாள். பிரித்தார்கள். சிவப்பு. வாசலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இன்னொன்றை ஊருணிக்குக் கொண்டுபோனேன். ஒருவராவது, ஒரே ஒருவராவது, அண்ணாச்சி அதையும் பிரிங்க என்று சொல்லியிருந்தால்... சொல்ல மாட்டார்கள். அது பாவமாயிற்றே!

பஞ்சவர்ணம் தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து சொன்னாள்: “ஆத்தா வேண்டாம்னுட்டா. சரி... எங்கிட்ட என்ன கொறையோ.”

எங்கள் மீது சந்தேகம் வரவில்லை அவளுக்கு. கோபம் வரவில்லை. தன்மேல் குறை தேடினாள். தேடினால் கிடைக்காமலா போகும்? மகனுக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, வேலைக்குப் போன இடத்தில் எடுக்காமல் விட்டுவிட்டாளாம். அந்தக் கோபம்தான் ஆத்தாளுக்கு என்று அவளே முடிவு கட்டினாள். தன்னால் தெருவுக்கே தண்ணீர் இல்லாமல் போய்விட்டது என்று நம்பினாள். அன்றைக்கே எல்லார் முன்னாலும் நேர்ந்துகொண்டாள். ஆத்தா மனமிரங்கித் தண்ணீர் கொடுக்கும்வரை காலில் செருப்புப் போடுவதில்லை. வருடா வருடம் பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி.

எங்கள் ஊர் மண்ணை நீங்கள் பார்த்ததில்லையென்றால், செருப்பில்லாமல் நடப்பது உங்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. சீமைக்கருவேல முள் கிடக்காத இடம் கிடையாது. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. நூறு நாள் வேலையே பெரும்பாலும் அந்தக் கருவேலங்காட்டுக்குள்தான். அந்தக் காலோடுதான் பொட்டலுக்கு அப்பால் இருக்கும் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடமும் சுமந்தாள்.

முதல் வருடம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம்புங்கள், ஒன்றுமே தோன்றவில்லை! அவள் தீச்சட்டி எடுத்து வந்தபோது, மற்ற பெண்களுக்கு ஊற்றியதுபோல அவள் காலுக்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டேன். மூன்றாவது வருடம், நான்காவது வருடம்... அவள் சூடம் வாங்க வரும்போது பாதத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். பார்க்காமல் இருப்பது சுலபம். கல்லாவில் உட்கார்ந்தால் வாங்க வருகிறவரின் இடுப்புக்குக் கீழே தெரியாது.

அப்போதெல்லாம் நான் கும்பிடாமல் இருந்தேனா? இன்னும் அதிகமாகக் கும்பிட்டேன்! வெள்ளி அங்கிக்கு நன்கொடை எழுதினேன், மண்டபத்துக்கு டைல்ஸ் போட்டேன். டைல்ஸ் பதித்தால் ஆத்தாளின் கண் என்மேல் விழாது என்று நினைத்தேனோ என்னவோ. மற்றவர்களைப் பார்த்து எரிச்சல்படுவதை அப்போதும் விடவில்லை. கேட்க வெட்கமாக இருக்கிறதா? எழுதுகிற எனக்கு எப்படி இருக்கும்!

போன வருடம் அவள் காலில் முள் ஏறியது. அவளுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. புண் சீழ் வைத்து, டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்து, இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இனி வெறுங்காலோடு நடந்தால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்னாராம். இதை என்னிடம் சொன்னவன் அவள் மகன் கருப்பசாமி. லோடு ஆட்டோ ஓட்டுகிறான். என் கடைக்குச் சரக்கு ஏற்றி வருகிறவன்.

“செருப்புப் போட மாட்டேங்குது அண்ணாச்சி. ஆத்தாகிட்டக் குடுத்த வாக்காம். நாங்க சொன்னாக் கேக்கல. நீங்க சாமி கும்புடுற ஆளு, ஒங்க பேச்சுன்னாக் கேக்கும். நீங்க வந்து சொல்லுங்க.”

நான் சாமி கும்பிடுகிற ஆள்... போனேன். திண்டாடித்தான் போனேன். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழ முயன்றாள்.

“காலு போனாப் போகட்டும் அண்ணாச்சி. சொன்ன சொல்லு போச்சுன்னா அப்புறம் எந்த மொகத்தோட அவ முன்னால போயி நிக்க?”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவள் காலைப் பார்த்துக்கொண்டே, அது ஆத்தா சொன்னதில்லை தாயி, நான் செய்தது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். உடம்பைப் பாத்துக்கம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது. ஊர் முழுக்கத் தேடினாலும், ஆத்தா உண்மையாகவே அங்கே இருக்கிறாள், பார்க்கிறாள், கேட்கிறாள் என்று நம்புகிற ஆள் அவள் ஒருத்திதான். நாங்களெல்லாம் கும்பிடுகிறவர்கள். அவ்வளவே. நம்பியிருந்தால், மூன்று முழ தூரத்தில் ஆத்தாளை வைத்துக்கொண்டு அந்தப் பூவை மடித்திருப்பேனா? ஒரு போலீஸ்காரர் எதிரே நின்றிருந்தால்கூட மடித்திருக்க மாட்டேனே!

சுந்தரபாண்டியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ந்து போவார், என்னைத் திட்டுவார், ஒருவேளை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். துப்பிவிட்டுச் சொன்னார்:

“ஏலே, இதுக்கா இம்புட்டு மருகுற? ஒன் கைய அப்படிச் செய்ய வச்சதே ஆத்தாதாம்லே. அவ நெனைக்காம ஒரு பூவு அசையுமா?”

இது எந்த ஊர் நியாயம்? நீங்களே சொல்லுங்கள்! நாம் திருடினால் திருட வைத்தவள் அவள். பொய் சொன்னால் சொல்ல வைத்தவள் அவள். இவர்கள் தெய்வத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன்.

“அப்ப பஞ்சவர்ணத்தோட ரெண்டு விரலையும் எடுத்தது ஆத்தாதானா?”

அவர் இன்னொரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினார். பிறகு, “சரி விடு, மறுபடியும் பூக்கேட்ருவோம். எலெக்‌ஷன் வேற வருது. அந்தத் தெரு ஓட்டும் நமக்கு வேணும்ல” என்றார். அதற்கும் சேர்த்துத்தான் சொன்னார். வெட்கப்படவே இல்லை.

மறுபடியும் வெள்ளிக்கிழமை. மறுபடியும் ஈர வேட்டி, வாய்க்கட்டு, திரை. தட்டில் வெள்ளையும் சிவப்பும்.

இந்த முறை நேர்மையாகக் கட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. ஆத்தா என்ன சொல்கிறாளோ அது நடக்கட்டும். நம்பிக்கை உள்ளவன் அப்படித்தானே செய்வான்? வெள்ளையை மடித்தேன். சிவப்பைக் கையில் எடுத்தேன்... முடியவில்லை! குழந்தை கை சிவப்பின்மேல் போய்விட்டால்? அவள் வெறுங்காலோடு எழுந்து நடந்து போய்விடுவாளே! அதை ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று விட என்னால் ஆகவில்லை. ஏமாற்றியபோது எனக்கு இல்லாத நம்பிக்கை, திருந்த வந்தபோதும் எனக்கு இல்லை.

இரண்டிலும் வெள்ளையை வைத்தேன். இந்த முறை கை நடுங்கியது.

வெள்ளை வந்தது. குலவை! கிழக்குத் தெருப் பெண்கள் போட்ட குலவையில் மண்டபம் அதிர்ந்தது. சுந்தரபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜக் கண்ணீர்தான், நான் பார்த்தேன். மனிதர்களைப் புரிந்துகொள்ளவே முடிவதில்லை. இரண்டே வாரத்தில் குழாய் போட்டார்கள். தண்ணீர் விட்ட அன்று கருப்பசாமி அம்மாவுக்கு நீல வார் போட்ட ரப்பர் செருப்பு வாங்கி வந்தான். அவள் நடக்கத் தெரியாத குழந்தையைப்போல அதில் தட்டுத் தடுமாறி நடந்தாள். ஊரே பார்த்துச் சிரித்தது.

இத்தோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன். முடியவில்லை.

போகிற வருகிறவரிடமெல்லாம் அவள் சொல்ல ஆரம்பித்தாள். “ஆத்தா என்னைய மன்னிச்சிட்டா. பதினோரு வருசமா என் பாவத்துக்குத் தெருவே தண்ணியில்லாமக் கெடந்துச்சு. இப்பத்தான் மனசு எரங்குனா.” மகனிடம் சொன்னாள், மருமகளிடம் சொன்னாள், மில் வேனுக்கு நிற்கும் பெண்களிடம் சொன்னாள். என் கடைக்கு முன்னால் நின்று என் மனைவியிடமும் சொன்னாள். என் மனைவி, “ஆமா பஞ்சவர்ணம், நேந்துக்கிட்டதச் செய்யாம விடக்கூடாதுல்ல” என்று புத்தி வேறு சொன்னாள்!

எந்தப் பாவம்? யார் பாவம்? நான் வெள்ளையை வைத்தது அவளைக் காப்பாற்றவில்லை. அவள்தான் குற்றவாளி என்று முத்திரை குத்திவிட்டது. தண்ணீர் வந்தது, கூடவே அந்தப் பழியும் நிலைத்துவிட்டது. இதைத் தாங்க முடியவில்லை.

ஒரு மத்தியானம். ரோட்டில் ஆள் இல்லை, என் மனைவி காரியாபட்டிக்கு ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தாள். பஞ்சவர்ணம் சோப்பு வாங்க வந்தாள். இப்போது சோப்பு நுரைக்கிறதாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் கல்லாவை விட்டு எழுந்து படிக்கு வந்தேன்.

சொல்லிவிட்டேன். அந்தப் பழைய வெள்ளிக்கிழமை, இரண்டு சிவப்பு, இடுப்பில் செருகிய வெள்ளைப் பூ, ஊருணியில் போட்ட பொட்டலம்... எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்று கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இல்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்வை என் நெற்றிக்கு ஏறியது.

“நெத்தியில பூசியிருக்கது திருநீறுதானா அண்ணாச்சி? இல்ல, அடுப்புச் சாம்பலா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“வெளிய சொல்லிராதீக. எங்க தெருப் பயலுக கேட்டா வெட்டுக்குத்தாயிரும். எம்மகனே மொத ஆளா வருவான்.” குரல் உடைந்தது. “பதினோரு வருசம்யா... ஒவ்வொரு நாளும் அவகிட்ட, நான் என்ன செஞ்சேன், என்ன செஞ்சேன்னு கேட்டிருக்கேன்யா...”

சட்டென்று நிறுத்தினாள். ஏதோ நினைவுக்கு வந்ததுபோல என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

“அப்ப, இந்த வருசம் வந்த பூவு?”

கேட்டுக்கொண்டே இடது காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்துவிட்டாள். விரல் போன இடத்தில் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அந்தக் கால் படியில் நின்றது. என் பதிலுக்காக நின்றது.

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? அங்கே நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மை பேச என்று வந்தவன் நான்! பாதி பேசிவிட்டேன். மீதியைச் சொன்னால் அவள் அந்தச் செருப்பை என் கடை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து போவாள். எனக்கு அவளைத் தெரியும்.

“அது ஆத்தா குடுத்தது” என்றேன்.

“சத்தியமா?”

“ஆத்தா மேல சத்தியமா.”

அவள் முகம் மாறியது. எனக்கு அதை எழுத வரவில்லை. கோபம் போய்விட்டது, அழுகையும் போய்விட்டது. காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டாள்.

“அப்ப, ஒழுங்காக் கேட்ட மொதத் தடவையே குடுத்துட்டாளா? எங்கிட்ட அவ மாட்டேன்னு சொன்னதே இல்லையா?”

“இல்லம்மா. சொன்னதே இல்ல.”

கோவில் இருந்த திசையைப் பார்த்துக் கை கூப்பினாள். உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. என் பக்கம் திரும்பியபோது மறுபடியும் அந்தப் பார்வை.

“நீங்க செஞ்சதுக்கு நீங்களே அவகிட்டப் பேசிக்கிருங்க. ஒங்களுக்காக நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.”

சோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளிடம் ஆத்தா மாட்டேன் என்று சொன்னதில்லை. அது உண்மை. சரி என்று சொன்னதும் இல்லை, ஏனென்றால் இன்றுவரை அவளுக்காக ஆத்தாளிடம் யாரும் கேட்கவே இல்லை. இரண்டு தடவையும் நானே கேட்டு நானே பதில் சொன்னேன். மூன்றாவதாக, ஆத்தாளின் பெயரில் பொய்ச் சத்தியமும் செய்துவிட்டேன். இதை எந்தக் கணக்கில் வைப்பது? இரக்கத்தில் செய்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். முதல் தடவையும் ஏதோ ஒரு காரணம் சொன்னவன்தானே நான்...

பேசிக்கொள்ளச் சொன்னாளே என்று நேற்றுக் கோவிலுக்குப் போனேன். பூசாரிகூட இல்லாத நேரம். அதே மூன்று முழம். கை கூப்பி நின்றேன், நின்றேன்... என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேசினால் கேட்பதற்கு அங்கே ஆள் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இருந்துவிடக் கூடாதே என்று ஒரு நிமிடம் பயமாகக்கூட இருந்தது.

திருநீற்றுத் தட்டு எதிரே இருந்தது. எடுத்துப் பூசிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.